மகளை அழைத்து வரப் போன பயணம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் ஊரில் எழுதி வைக்காத சட்டம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, அந்த மாதம் முடிவதற்குள் பெண்ணை அழைத்து வந்துவிட வேண்டும். எட்டில் கர்ப்பிணி படி தாண்டக் கூடாது. ஒன்பதில் தாண்டலாம், ஆனால் ஒன்பதில் விமானக்காரன் ஏற்ற மாட்டான். அதனால் ஏழாம் மாதத்தின் கடைசி வாரத்தில், பெட்டி நிறைய வளையலும் முறுக்குமாக நான் இலங்கைக்குப் புறப்பட்டேன். என் மனைவி பார்வதிதான் போயிருக்க வேண்டும். அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

எங்கள் மகள் மகேஸ்வரி கட்டிக்கொண்டது, கோவில்பட்டிப் பக்கம் ஓர் அகதி முகாமில் வளர்ந்த யோகனை. பெயிண்டர் வேலை, நல்ல பையன். கல்யாணத்தின்போது, இனி எங்களுக்கு இந்த ஊர்தான் என்று சொன்னார்கள். அப்புறம் யோகனின் அம்மா, வன்னியில் இருக்கும் தன் காணிக்கே திரும்புகிறேன் என்றார். யோகன் கிளம்பினான், மகளும் கிளம்பினாள். பார்வதி பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவள் பிடித்துக்கொண்ட ஒரே கொம்பு இந்தத் தலைப்பிரசவம். பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாள். தொட்டில் கட்ட விட்டத்தில் புதுக் கொக்கி போட வைத்தாள். அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளையைக் கொண்டு வந்து சேர்த்துவிடுங்கள், வேறொன்றும் எனக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சாமி காரியம் வீட்டில் மனைவி பொறுப்பு, வண்டியில் டிரைவர் பொறுப்பு. டிரைவர் ஊதுபத்தி சுற்றி முடிக்கும்வரை நான் படிக்கட்டில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன். நம்பிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, வவுனியா போகும் தனியார் பஸ்ஸில் ஏறி மகள் வீட்டுக்கு இறங்க வேண்டிய மாங்குளத்துக்குச் சீட்டு கேட்டேன். கண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார், சீட்டு தரவில்லை. நானும் விடாமல் கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஒன்றைக் கிழித்துத் தந்தார். முன் கண்ணாடிக்கு மேலே பிள்ளையாரும் மாதாவும் பக்கத்துப் பக்கத்தில் மின்விளக்கு மாலையோடு இருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் பஸ்ஸின் தகரம் அதிர்ந்தது. ஆனால் ரோடு நல்ல ரோடு, எங்கள் பக்கத்துப் பைபாஸ் மாதிரி வழவழவென்று இருந்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பளமும் வந்தபோது தூத்துக்குடிக்கே போய்விட்டதுபோல இருந்தது.

கிளிநொச்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஓரம் கட்டி நின்றது. முறிகண்டிப் பிள்ளையார் கோயில். இந்த ரோட்டில் போகிற எந்த வண்டியும் இங்கே நிற்காமல் போகாதாம். லாரி, கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசையாக நின்றன. “கும்பிடுற ஆக்கள் இறங்கிக் கும்பிட்டிட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரே முதலில் இறங்கிப் போனார். டிரைவரும் போனார். தேங்காய் உடைகிற சத்தமும் கற்பூர வாசனையும் வந்தன. நான் இறங்கவில்லை. ஒரு வண்டிக்கு இத்தனை நிமிஷம் என்றால் ஒரு நாளைக்கு இந்த ரோட்டில் மொத்தம் எவ்வளவு நேரம் பாழாகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் கூடையோடு வந்தார். கடலை கொடுங்கள் என்றேன். கச்சானா என்று கேட்டு, மணலில் வறுத்த சூடான நிலக்கடலையைத் தந்தார். கோவில்பட்டிக்காரனுக்குக் கடலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், எங்கள் கடலையைவிட அது ருசியாக இருந்தது. ஊரில் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பொட்டலம் முடிந்ததும் தூங்கிவிட்டேன். ஆயுசு முழுக்க அடுத்தவரை எழுப்பி இறக்கிவிட்டவன் நான், என்னை எழுப்ப ஒருவரும் இல்லை. கண் விழித்தபோது மாங்குளம் எப்போதோ போய், புளியங்குளம் வந்திருந்தது. மாங்குளம் மாங்குளம் என்று தொண்டை கிழியக் கத்தினேனே என்று கண்டக்டர் வருத்தப்பட்டார். அவர் மேல் தப்பில்லை. நானும் அப்படித்தான் கத்துவேன், அப்படித்தான் சிலர் தூங்குவார்கள். இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் வாய்ப்பன் என்கிற வாழைப்பழப் பலகாரமும், பால் சேர்க்காத பிளேன் ரீயும் சாப்பிட்டுவிட்டு எதிர்ப் பஸ்ஸில் திரும்பினேன். யோகன் மாங்குளம் சந்தியில் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். “கண்டக்டருக்கே இப்பிடியோ மாமா?” என்றான். முகாமில் இருந்தவரை எங்கள் தமிழ் பேசிக்கொண்டிருந்த பையன், இங்கே வந்ததும் பழைய பேச்சுக்குப் போய்விட்டிருந்தான்.

சந்தியிலிருந்து உள்ளே கொஞ்சம் காடு, கொஞ்சம் வயல், பிறகு வீடு. வீட்டுத் திட்டத்தில் கட்டிய சிறிய வீடு, இன்னும் வெளிப்பூச்சு பூசவில்லை. பின்னால் ஓலை போட்ட சமையலறை, இவர்கள் பேச்சில் குசினி. மகள் வாசலில் நின்றாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன். “ஓம்ப்பா” என்றாள். எங்கள் ‘ஆமா’ இங்கே ‘ஓம்’ ஆகிவிட்டதற்கு அவளே சிரித்தாள். கால் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். இந்த நேரத்தில் வீங்கத்தான் செய்யும் என்றாள்.

யோகனின் அம்மா பெயர் பாக்கியம். என்னை அண்ணே என்பார், நான் மதினி என்பேன். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். சின்ன வயசில் அங்கே கலவரம் வந்து, பெற்றவர்களோடு வன்னிக்கு வந்திருக்கிறார். இங்கே காடு வெட்டிக் காணியாக்கி, கல்யாணமாகி, வீடு கட்டி முடிக்கிற நேரத்தில் சண்டை. படகேறி இந்தியா. முகாமில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். இப்போது மறுபடி அதே காணி. இதையெல்லாம் மதினி அரிசி கழுவிக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோல நிதானமாகச் சொன்னார்.

மறுநாள் காலை புட்டும் தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, குளத்து மீன், மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் சொதி. எங்கள் வீட்டில் ஒரு தேங்காயை மூன்று நாளைக்கு வைத்துச் செலவழிப்பாள் பார்வதி. இங்கே ஒரு வேளைக்கே ஒன்று போகிறது. சாம்பார் என்ற பேச்சே இல்லை. இரண்டாம் வேளை நானும் அதைத் தேடவில்லை.

வளையல் போட அன்று சாயங்காலம் நாள் பார்த்திருந்தோம். அதற்கு முன்பே ஸ்கூட்டரில் மிட்வைஃப் வந்துவிட்டார். இங்கே அவர்களே வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். மகளின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். கொஞ்ச நேரம் படுக்க வைத்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தார். எப்போது கூட்டிப் போகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். நாளை மறுநாள் விமானம் என்றேன்.

“ஏலாது ஐயா” என்றார் அவர். “பிறஷர் கூடியிருக்கு. வழியில ஒண்டு நடந்தா ரெண்டு உசிரையும் ஆர் பாக்கிறது?”

கிளினிக்கில் டாக்டரும் அதையே சொன்னார். கப்பலில் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். டாக்டர் யோகன் பக்கம் திரும்பினார். தலைவலியோ கண்மங்கலோ வந்தால் எங்கும் நிற்காமல் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று யோகனுக்குச் சொல்லி அனுப்பினார்.

பார்வதியிடம் போனில் சொன்னேன். அவள், நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன் அந்த அம்மனிடம் என்று மட்டும் கேட்டாள். வளையலை அன்று சாயங்காலமே போட்டோம். வீடியோவில் பார்வதி பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் சிக்னல் போய்விட்டது.

நான் திரும்பிப் போகவில்லை. விசாவில் இன்னும் நாள் இருந்தது. மகளை இந்த நிலையில் விட்டுவிட்டு வெறும் பெட்டியோடு ஊரில் போய் இறங்க எனக்கு முகம் இல்லை. அடுத்த நாட்கள் மெதுவாகப் போயின. காலையில் கச்சான் தோட்டத்தில் மயில் விரட்டினேன். எங்கள் ஊரில் மயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், இங்கே கல்லெடுக்கிறார்கள். யானை எங்களுக்குக் கோயில் வாசலில் நின்று ஆசீர்வாதம் பண்ணும். இங்கே அது வாழையைத் தின்ன வருகிறது, இவர்கள் வெடி கொளுத்திப் போட்டு விரட்டுகிறார்கள். ஊர் மாறினால் சாமியின் வாகனங்களுக்கும் மரியாதை மாறிவிடுகிறது.

சாயங்காலங்களில் மதினி காணியின் மூலையில் மரத்தடிப் பிள்ளையாருக்கு விளக்கு வைப்பார். சிலை இல்லை, ஒரு கல்தான். விளக்கை வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நிற்பார், வந்துவிடுவார். பார்வதி அம்மன் முன்னால் நின்றால் அரை மணி நேரம் பட்டியல் போடுவாள். இவர் கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவர்போல இருந்தார். எனக்கு அது உறுத்தியது. இத்தனை முறை வீட்டை விட்டு ஓட வைத்த சாமியின் மேல் உங்களுக்குக் கோபமே வரவில்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“வந்தது அண்ணே. யோகன்ட அப்பா செத்தப்போ ஒரு வருசம் போல நான் சாமியோட கதைக்கேல்ல” என்றார். “பிறகு பாத்தா, கதைக்க வேற ஆளும் இல்லை.”

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அவரே தொடர்ந்தார். தான் கேட்டது எதுவும் கேட்டபடி வந்ததில்லையாம். வேறு மாதிரி வந்ததாம். அதனால் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாராம். “கூட வா எண்டு மட்டும் சொல்லுவன்” என்றார். சொல்லிவிட்டு, புட்டுக்கு மாவு சலிக்கப் போய்விட்டார். எனக்கு அது சமாதானம் தரவில்லை. கூட வந்து என்ன, காரியம் நடக்க வேண்டாமா என்றுதான் தோன்றியது.

எட்டாம் மாதம் பாதி போயிருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மகள் தட்டைத் தள்ளிவிட்டு, தலை பிளக்கிறது என்றாள். பிறகு, “அப்பா, உன் முகம் தெரியல” என்றாள். நான் அவளுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

யோகன் ஓடிப்போய், வேன் ஓட்டுகிற பக்கத்து வீட்டுச் சிவத்தை அவருடைய வானோடு கூட்டி வந்தான். பின் சீட்டில் மகளைப் படுக்க வைத்து, தலையை மதினி மடியில் வைத்துக்கொண்டார். யோகன் கால்மாட்டில். நான் முன்னால் சிவத்தின் பக்கத்தில். எட்டில் படி தாண்டக் கூடாது என்பது, அவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதை நினைக்கவும் அப்போது நேரமில்லை.

மாங்குளம் சந்தியில் வான் பெரிய ரோட்டில் ஏறி வடக்கே திரும்பியது. பின்னால் மகள் முனகுவது மட்டும் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பார்வதியிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் மனசில் ஓடவில்லை. அப்போது தூரத்தில் ரோட்டோரம் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. முறிகண்டி.

சிவம் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். தினமும் இந்த வழியாக ஓடுகிறவர், அந்த இடத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். “நிப்பாட்ட வேண்டாம் தம்பி, போங்கோ” என்றார் பின்னாலிருந்து மதினி. சிவம் தயங்கி என்னைப் பார்த்தார்.

நிறுத்துங்கள் என்று நான் சொன்னேன். ஒரு நிமிஷம், இறங்கி ஒரு தேங்காயை உடைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றேன். எனக்கே அது யாருடைய குரலோபோல இருந்தது. முதல் நாள் இதே இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்காமல் கடலை தின்றவன் நான். இப்போது கதவுப் பிடியில் கை வைத்திருந்தேன். இங்கே நிற்காமல் போனால் என் பிள்ளை பிழைக்க மாட்டாள் என்று அந்த நேரம் உறுதியாக நம்பினேன்.

“அண்ணே” என்றார் மதினி. குரலை உயர்த்தவில்லை. “அவர் எங்கட வானிலதான் வாறார். இறங்கி அங்க போய்த் தேடாதேங்கோ.”

சிவம் ஹார்னை ஒரு தரம் நீளமாக அடித்தார். கும்பிட இரண்டு கையும் விட முடியாத டிரைவர்கள் இப்படித்தான் கும்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வான் நிற்காமல் போனது. கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்க எனக்குக் கிளிநொச்சி வரை ஆனது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டு போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். யோகன் கையெழுத்துப் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்றார். நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கே எங்களைப் போலப் பல குடும்பங்கள் இருந்தன. யாரோ எனக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் ஊற்றித் தந்தார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை.

மகேஸ்வரியின் ஆட்கள் யார் என்று நர்ஸ் கூப்பிட்டபோது மூன்று பேரும் எழுந்தோம். பெண் குழந்தை. உயிரோடு இருக்கிறது, ரொம்பச் சிறிசு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய்க்குப் பிரஷர் இன்னும் இறங்கவில்லை. இறங்கும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் நர்ஸ். யோகன் சுவரில் தலையை முட்டுக் கொடுத்து நின்றான். மதினி அவன் முதுகில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்ததும்தான் அவர் பேச்சின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. பயம் இல்லாதவர் சொன்ன வார்த்தையாக இருந்தால் எனக்கு அது உதவியிருக்காது.

அன்றும் மறுநாளும் பிரஷர் இறங்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் கண்ணாடி வழியாகக் குழந்தையைக் காட்டினார்கள். அகப்பைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. காலை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. மகளைப் பார்க்க விடவில்லை. சாப்பிட ஆஸ்பத்திரி எதிரே ஒரு கடைக்கு யோகன் கூட்டிப் போனான். கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம் தலைக்குள் இடித்தது, பாதியில் எழுந்துவிட்டோம். ஊருக்கு நான் போன் பண்ணவில்லை. யோகன்தான் பார்வதியிடம் எல்லாம் சொன்னான். நான் தள்ளி நின்றேன்.

அந்த ராத்திரிகளில் மரத்தடியில் உட்கார்ந்து எதையாவது நேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். என்ன கொடுத்தால் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை. இத்தனை காலம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு இப்போது பேரம் பேசவும் வெட்கமாக இருந்தது. கடைசியில், உள்ளே அவள் பக்கத்தில் இரு என்று மட்டும் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் வந்து, பிரஷர் இறங்கிவிட்டது, உங்கள் மகள் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்கிறாள் என்றார். மதினி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். யோகன் தேநீர் வாங்க ஓடினான். எந்தக் கடைக்கு என்று தெரியாமல் முதலில் எதிர்த் திசையில் ஓடினான்.

மகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பார்வதியைக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அழைத்து வர முடியவில்லை. குழந்தை பெட்டியை விட்டு வெளியே வரவே நாளாகும். அதற்கப்புறமும் அவ்வளவு சிறிய குழந்தையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உன் வெள்ளையடித்த அறை சும்மாதான் கிடக்கும். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“போட்டோ பாத்தேன். நெத்தி உங்க நெத்தி மாதிரி இருக்கு” என்றாள். அடுத்ததை மெதுவாகச் சொன்னாள். “பிள்ளைய இங்க கொண்டு வந்து சேத்துருன்னுதான் அம்மன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். அவ என்னைய அங்க வரச் சொல்லுதா போலிருக்கு.”

பிரசவ லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்துவிட்டாளாம். தொட்டில் சேலையைத் துவைத்து மடித்துவிட்டாளாம். தனக்கு மட்டும் ஒரு டிக்கெட்டுக்குத் தன் தம்பியிடம் சொல்லியாகிவிட்டதாம். நான் திரும்பி வர வேண்டாம், அங்கேயே இருக்க வேண்டும் என்றாள். சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரைக்கும் போகாதவள். மதுரைக்குக்கூட நான் இல்லாமல் பஸ் ஏறியதில்லை. விமானத்தின் படியை எப்படி ஏறுவாய், இறங்கி யாரிடம் வழி கேட்பாய், இவ்வளவு தூரம் தனியாக எப்படி வருவாய் என்று கேட்டேன்.

“தனியா வாரேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?” என்றாள் பார்வதி.